நான்கு பக்கக் கட்டுரையும் காற்றின் கணக்கும்

புகழ்பெற்ற நூல்களுக்கு நேரும் கதியொன்று உண்டு. அவற்றைப் பெயரால் அறிந்தோர் பெருகப் பெருக, பக்கம் புரட்டிப் படிப்போர் அருகிவிடுவர். இலக்கியத்தில் இதை நாளும் காண்கிறோம். விஞ்ஞானத்திலும் நிலை வேறன்று என்பதற்கு, அமெரிக்க அறிஞர் சார்லஸ் டேவிட் கீலிங் 1960ஆம் ஆண்டில் 'டெல்லஸ்' என்னும் சுவீடன் நாட்டு ஆராய்ச்சி ஏட்டில் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை ஒன்றே போதும். காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்பதை நுட்பமான தொடர் அளவையால் காட்டத் தொடங்கிய கட்டுரை அது. அதிலிருந்து வளர்ந்த வளைகோட்டை இன்று மாணவரும் அறிவர். ஆனால் கட்டுரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல மறுக்கிறது என்று கேட்டால், அதைப்பற்றி மேடையேறிப் பேசுவோரே தயங்குவர். மறுக்கும் இடமே அதன் உயிர்நிலை என்பது என் கருத்து.

கீலிங் செய்தது யாது? 1957–58இல் உலக நாடுகள் கூடி நடத்திய அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி, அவர் பல இடங்களிற் காற்றைப் பிடித்து அளந்தார். ஹவாயித் தீவில் மௌனா லோவா மலைச்சரிவில், 3,397 மீட்டர் உயரத்தில், 1958 மார்ச்சில் ஒரு கருவி ஓடத் தொடங்கிற்று. அகச்சிவப்புக் கதிரைக் காற்றினூடே செலுத்தி, எவ்வளவு கதிர் விழுங்கப்படுகிறது என்பதைக் கொண்டு வாயுவின் அளவை அறியும் கருவி அது. அண்டார்க்டிகாவில் இன்னொன்று. இவையன்றித் தென்துருவத்திலும், பசிபிக் கடல்மேற் சென்ற கப்பல்களிலும் விமானங்களிலும் கண்ணாடிக் குடுவைகளிற் காற்றை அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். மௌனா லோவாவின் முதல் அளவு, பத்து இலட்சம் பங்கு காற்றில் 313 பங்கு. 2024ஆம் ஆண்டின் சராசரி 424ஐத் தாண்டிவிட்டது.

எரிமலைமேல் நின்று காற்றை அளப்பதா என்று நகைப்போர் உண்டு. மலைவாயின் புகை இரவில் சரிவு வழியே இறங்கும்போது கருவியின் கோடு துள்ளும். அத்துள்ளலைத் தனியே கண்டு நீக்கிவிடுவர். தவிரவும், அருகில் எரிமலையே இல்லாத தென்துருவம் அதே ஏற்றத்தைக் காட்டுகிறதே! ஓரிடத்து அளவையை மற்றோரிடத்து அளவையால் சோதிப்பதை அந்நான்கு பக்கங்களிலேயே காணலாம்.

அவர் கண்டவை இரண்டு. வடகோளத்தில் வாயுவின் அளவு பருவந்தோறும் ஏறி இறங்குகிறது; வேனிலில் மரஞ்செடிகள் அதை உட்கொள்கின்றன, மற்றைக் காலத்தில் மக்கும் தழைகளும் மண்ணும் திருப்பிக் கொடுக்கின்றன. இஃது ஒன்று. முதலாண்டைக் காட்டிலும் அடுத்த ஆண்டின் சராசரி மிகுந்திருக்கிறது என்பது மற்றொன்று. தென்துருவத்தில் அந்த மிகுதி ஆண்டுக்கு ஏறக்குறைய 1.3 பங்கு.

இனித்தான் கட்டுரையின் சிறந்த பகுதி வருகிறது. அக்காலத்தில் உலகெங்கும் எரிந்த நிலக்கரியும் எண்ணெயும் விட்ட வாயு முழுவதும் காற்றிலேயே தங்கியிருந்தால், ஆண்டு ஏற்றம் 1.4 பங்காயிருக்க வேண்டும். அளந்து கண்டதோ 1.3. ஓர் இளம் ஆராய்ச்சியாளனுக்கு இதைவிடப் பெரிய மயக்கம் உண்டா? அப்போது அவர்க்கு வயது 32கூட நிரம்பவில்லை. கணக்கு நேராகிவிட்டது, கடல் ஒன்றையும் விழுங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கலாம். அவ்வாறு முடிவுகட்ட மனம் போகக்கூடும் என்று அவரே சொல்கிறார். சொல்லிவிட்டு, அம்முடிவை ஏற்க மறுக்கிறார். பருவத்தால் வரும் ஏற்ற இறக்கம் ஆண்டு மிகுதியைப்போல் பல மடங்கு பெரிது. அதில் நேரும் சிறு மாறுதல்கூடக் கடல் விழுங்கியதை ஈடுகட்டி மறைத்துவிடலாம் அன்றோ என்பது அவர் வாதம்.

நம் கடைத்தெருக் கணக்கைக்கொண்டு இதை விளக்கலாம். ஒரு மளிகைக் கடையின் கல்லாப்பெட்டியில் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான வெள்ளி வந்துபோகிறது. ஆண்டு முடிவில் 1,300 வெள்ளி மிச்சம். வெளியூரிலுள்ள மகன் அவ்வாண்டு அனுப்பிய பணம் 1,400. இரண்டும் நெருங்கியிருப்பதால், பெட்டியிலிருந்து எவரும் பணம் எடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? வியாபாரத்தில் வந்த சிறு இலாபமொன்று, எடுத்த தொகையை மூடியிருக்கலாம். மிச்சத்தைப் பார்த்து வரவின் வழியையும் செலவின் வழியையும் சொல்வது கணக்கறிந்தோர் செயலன்று.

காலம் அவர் ஐயத்தையே மெய்ப்பித்தது. நீண்ட காலத்து அளவைகள் வந்தபின், அந்தப் பத்தாண்டில் ஏற்றத்தின் சராசரி ஆண்டுக்கு 1 பங்குக்கும் குறைவே என்று தெரிந்தது. மனிதர் வெளிவிடுவதில் ஏறக்குறையப் பாதியே காற்றில் தங்குகிறது. மறுபாதியைக் கடலும் நிலத்துத் தாவரமும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே 1.3 என்னும் எண் நிற்கவில்லை. அவ்வெண்ணை நம்பி முடிவு கட்டாத வாக்கியம் நின்றது. குறை சொல்வதாயின் ஒன்று சொல்லலாம்: இரண்டாண்டு அளவையிலிருந்து ஆண்டு ஏற்றத்துக்கு எண் வகுத்ததே சற்று முந்திய செயல்தான். அளவை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, உறுதியான மதிப்பு பின்னரே வரும் என்று அவரே குறித்துவிட்டதால், அக்குறையும் பாதியாகிறது.

நம்மவர் எழுதும் அறிவியற் கட்டுரைகளில் இந்நிதானத்தைக் காணோம். வளைகோட்டை வரைந்து காட்டி, 'இதோ சான்று, நிலக்கரியே குற்றவாளி' என்று அடுத்த வரியிலேயே முடித்துவிடுகிறோம். முடிவு சரிதான், சான்றுதான் வேறு. வளைகோடு 'எவ்வளவு' என்பதைச் சொல்லுமேயன்றி 'எங்கிருந்து' என்பதைச் சொல்லாது. (பசுமை இல்ல வாயு என்ற சொல்லையும் இங்கே குறித்தாக வேண்டும். கண்ணாடி வீட்டில் செடி வளர்க்கும் குளிர்நாட்டார்க்கு அப்பெயர் பொருந்தும். வெயிலுக்கு அஞ்சிப் பந்தல் போடும் நம் மாணவர்க்கு அஃது எதையும் விளக்குவதில்லை. வெப்பம் பிடிக்கும் வாயு என்றால் என்ன குறைந்துவிடும்?)

எங்கிருந்து என்பதைச் சொல்லும் சான்று கரியணுவின் எடையில் இருக்கிறது. கரியில் 12, 13, 14 என மூவகை அணுக்கள் உண்டு. தாவரம் 12ஐ விரும்பி ஏற்று, 13ஐச் சற்றே ஒதுக்கும். ஆகவே தாவரத்திலிருந்து வந்த எதை எரித்தாலும் காற்றில் 13இன் விகிதம் குறையும். வடகோளத்தின் பருவ மாற்றம் தாவரத்தின் செயலே என்பதற்குக் கீலிங்கும் இந்த அணுக்களையே துணைக்கொண்டார். ஆனால் பச்சை மரம் எரிந்தாலும் 13 குறையும், நிலக்கரி எரிந்தாலும் 13 குறையும். இரண்டையும் பிரிப்பது 14. அது 5,730 ஆண்டுகளிற் பாதியாய்த் தேய்வது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியில் அது மிஞ்சியிராது. புதிதாய் முற்றிய மரங்களில் 14 குறைந்துவருவதை ஹான்ஸ் சூயஸ் 1955இலேயே கண்டு எழுதினார். பின்னர் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகள் 14ஐ வாரி இறைத்து, 1960களின் தொடக்கத்தில் அந்தச் சான்றையே குழப்பிவிட்டன என்பது தனிக் கதை. 1980களின் இறுதியிலிருந்து கீலிங்கின் மகன் இரால்ஃப் கீலிங் காற்றிலுள்ள பிராணவாயு சிறிது சிறிதாய்க் குறைவதை அளந்துவருகிறார். எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். ஏறிய கரியமிலவாயு கடலிலிருந்து வெளிவந்ததாயின் இக்குறைவுக்குக் காரணம் இல்லை. ஆக, பல சாட்சிகள் சேர்ந்தே வழக்கு முடிந்தது.

கீலிங்கின் முறைக்கு ஓர் எல்லை உண்டு. உலகு முழுவதற்கும் பொதுவான அளவு வேண்டும் என்பதற்காகவே ஊரும் ஆலையும் இல்லாத மலையையும் பனிவெளியையும் அவர் தேர்ந்தார். தொலைவில் நிற்பவனுக்கு மொத்தம் தெரியும், ஆளைத் தெரியாது. ஆளை அறியக் காற்று வரும் வழியில் நிற்க வேண்டும். இவ்விரண்டும் ஒரே வழக்கில் சேர்ந்தமைக்குச் சி.எஃப்.சி.-11 என்னும் வாயு நல்ல சான்று.

குளிர்சாதனத்துக்கும் பஞ்சுபோன்ற நுரைப்பலகை செய்வதற்கும் பயன்பட்ட வாயு அது. ஓசோனைக் கெடுப்பது, எடைக்கு எடை கரியமிலவாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பம் பிடிப்பது. 1987இன் மாண்ட்ரியால் உடன்படிக்கையால் அதன் உற்பத்தி படிப்படியாகக் குறைந்து, 2010க்குள் நின்றுவிட்டதாக நாடுகளின் ஏடுகள் கூறின. காற்றோ வேறு கூறிற்று. 2012க்குப்பின் அதன் குறைவு வேகம் பாதியாகத் தளர்ந்தது. வடகோளத்துக்கும் தென்கோளத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடும் மிகுந்தது. எவரோ வடகோளத்தில் புதிதாய் விடுகின்றனர் என்று ஸ்டீபன் மோண்ட்ஸ்கா குழுவினர் 2018 மே மாதம் 'நேச்சர்' ஏட்டில் எழுதினர். தொலைநிலையங்கள் சொல்லக்கூடியது அவ்வளவே. கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள கோசான் நிலையமும், ஜப்பானின் ஹத்தெருமா தீவு நிலையமும் மேலே சென்றன. காற்று எத்திசையிலிருந்து வந்த நாளில் வாயு மிகுந்தது என்று பின்னோக்கிக் கணித்தபோது, கிழக்குச் சீனத்தில், சிறப்பாக ஷாண்டோங், ஹெபெய் மாநிலங்களைச் சுற்றிய பகுதியில், ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டன் மிகுதியாக வெளிவந்தது புலனாயிற்று. இது 2019இல் வெளியான முடிவு. சீன அரசு சோதனைகளை முடுக்கியது. 2021இல் வந்த கட்டுரைகள், அந்தப் பெருக்கம் தணிந்துவிட்டதைக் காட்டின.

இவ்வெற்றியைப் பாராட்டுவோர் இரண்டை மறக்கின்றனர். காற்று மாநிலத்தைக் காட்டியது, ஆலையைக் காட்டவில்லை. ஆலைகளை அறிந்தவர், 2018இல் வாடிக்கையாளர்போல் விசாரித்துச் சென்ற ஒரு தன்னார்வ அமைப்பின் புலனாய்வாளர். மற்றொன்று இன்னும் பெரிது. கிழக்குச் சீனம் உலக மிகுதியில் பாதியளவுக்கே விடை தந்தது. மிச்சம் எங்கிருந்து? கேட்கும் தொலைவில் நிலையம் இல்லாத நாடுகள் பல. நிலையம் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்று ஏடு சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் குறை நம் வட்டாரத்தை நேரே தொடுகிறது. சபாவின் டானும் பள்ளத்தாக்கிலும், சுமத்திராவின் புக்கிட் கோத்தோதாபாங்கிலும் உலகக் காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் உண்டு. ஆயினும் நிலநடுக்கோட்டுக் காற்று ஹவாயின் காற்றைப்போல் ஒழுங்காகத் தவழ்ந்து வருவதன்று. பிற்பகல் இடிமுகில் அதை வான்மீது தூக்கிச் சென்றுவிடும். செயற்கைக் கோளின் கண்ணையும் அதே முகில் மறைக்கும்.

1997இன் புகைமூட்டத்தை மறந்தவர் நம்மில் இரார். அவ்வாண்டு இந்தோனேசியாவில், மக்கிய தாவரம் அடுக்கடுக்காய்ப் படிந்த சதுப்பு நிலங்கள் மாதக் கணக்கில் எரிந்தன. எரிந்த பரப்பையும் ஆழத்தையும் கொண்டு 2002இல் கணக்கிட்டவர்கள், வெளிவந்த கரி 810 மில்லியன் டன்னுக்கும் 2,570 மில்லியன் டன்னுக்கும் இடைப்பட்டது என்றனர். மேல்மதிப்பு கீழ்மதிப்பின் மும்மடங்கு! 1997–98இல் காற்றில் கரியமிலவாயு ஏறிய வேகமோ அதுவரை எவரும் அளந்திராதது. தீயையும் ஏற்றத்தையும் அருகருகே வைத்தால் முடிச்சிடவே கை நீளும். ஆனால் அதே காலத்தில் கடுமையான எல்நீனோ வறட்சியும் இருந்தது. வெப்பநாட்டுக் காடுகள் வழக்கம்போல் வாயுவை உட்கொள்ளவில்லை. ஏற்றத்தில் தீயின் பங்கு எவ்வளவு, வாடிய காட்டின் பங்கு எவ்வளவு என்று மௌனா லோவாவின் கோடு தனித்து நின்று சொல்லாது. 1960இல் கீலிங் 1.3ஐயும் 1.4ஐயும் அருகருகே வைத்துக்கொண்டு தயங்கி நின்ற இடமே இது. பின்வந்த மதிப்பீடுகளும் ஒன்றோடொன்று முற்றும் ஒத்துப்போகவில்லை; அவ்விரு எண்களுக்கும் இடையே கிடப்பது 1,760 மில்லியன் டன்.