மலையகமும் மாதிரி சேகரிப்பும்

மனிதக் குடலில் வாழும் நுண்ணங்கிகளைப் பற்றிய ஆராய்ச்சி இன்றைய மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்துள்ள துறைகளுள் ஒன்று. உணவைச் செரிப்பதிலும், நோயெதிர்ப்பு ஆற்றலிலும், குழந்தையின் வளர்ச்சியிலும் இவ்வுயிர்களுக்குப் பங்குண்டு என்பது தெளிவாகி வருகிறது. இவ்வாராய்ச்சிக்கு மூலப்பொருள் மனித மலம். அதனைச் சேகரிக்கும் முறைகளை விளக்கும் கட்டுரைகளில் "வளங்குன்றிய சூழல்" என்றொரு தொடர் அடிக்கடி வருகிறது. மின்சாரமும், உறைகுளிர்ப் பெட்டியும், ஆய்வுகூடமும் இல்லாத இடம் என்பது அதன் பொருள். தமிழாசிரியனுக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சொல்லைச் சோதிப்பது எங்கள் தொழில். இச்சொல்லைச் சோதிக்க ஹட்டனும் நுவரெலியாவும் தக்க உரைகற்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். அதன் பின் பல தலைமுறைக் காலம் இந்நாட்டின் தலைமையான ஏற்றுமதிப் பொருளாகத் தேயிலை விளங்கியது. அப்பொருளை விளைவித்த மலைகளை வளங்குன்றியவை என்பது எங்ஙனம் பொருந்தும்? வளம் இங்கேதான் பிறந்தது. பிறந்து, மலையிறங்கி, கப்பலேறிப் போயிற்று. "குன்றிய" என்னும் சொல்லோ வளம் தானாகவே தேய்ந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. எடுத்தவர் யார் என்ற கேள்வியை அது எழவிடுவதில்லை.

சேகரிப்பின் நுட்பத்தை நாம் குறை கூறவில்லை. உடலைவிட்டு நீங்கிய பின்னும் மலத்திலுள்ள பற்றீரியாக்கள் பெருகுகின்றன. சில இனங்கள் வேகமாகப் பெருகி மற்றவற்றை மறைத்துவிடும். ஆதலால் உடனே சுழியத்துக்குக் கீழ் 80 பாகைக் குளிரில் உறையவைக்க வேண்டும். இயலாவிடின் 95 வீத எதனோல் போன்ற காப்புத் திரவத்தில் இட வேண்டும். கொடுத்தவர் உண்ட உணவையும் மருந்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் நியாயமான விதிகளே. ஆனால் இவற்றின் முடிவில் "மாதிரிகள் சேகரிக்கப்பட்டன", "ஒப்புதல் பெறப்பட்டது" என்று செயப்பாட்டுவினையில் இரு வாக்கியங்கள் வந்து நிற்கும். வகுப்பில் மாணவனிடம் நாம் கேட்பதை இங்கும் கேட்போம்: எழுவாய் எங்கே? யார் சேகரித்தார்? யார், யாருக்கு அஞ்சி, ஒப்பினார்?

தோட்டத்தில் இக்கேள்வி மிகக் கூர்மையானது. பாதையும் தோட்டத்தினுடையது, லயமும் தோட்டத்தினுடையது. ஆராய்ச்சியாளர் முதலில் அனுமதி கேட்பது நிர்வாகத்திடம். துரை தலையசைத்த பின்னர் பிரட்டுக்களத்தில் சொல்லப்படும் செய்தி வேண்டுகோளா, கட்டளையா? நாட்பெயர் போடும் அதிகாரமுடையவர் அருகே நிற்கையில், "விருப்பமில்லை" என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண் எவ்வாறு கூறுவாள்? பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடமுள்ள லயத்தில், அயலார் காண அவள் கையில் ஒரு குப்பியைக் கொடுப்பது எத்தகைய சங்கடம்! உறைகுளிர்ப் பெட்டி இல்லாக் குறையை எதனோல் தீர்க்கும். இக்குறையைத் தீர்க்கும் திரவம் எதுவுமில்லை.

இம்மலைகளுக்கு மாதிரி சேகரிப்புப் புதியதன்று. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் அறநிதியத்தைச் சேர்ந்த சுகாதாரப் பிரிவினர் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். தொழிலாளரின் மலத்தை நுணுக்குக்காட்டியில் சோதித்துப் புழுவின் முட்டைகளைக் கண்டனர், மருந்தும் கொடுத்தனர். ஆனால் கொக்கிப்புழுவின் குடம்பி, மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே உடலிற் புகுவது. மலசலகூடம் கட்டச் செலவிடத் துரைமார் பலர் முன்வரவில்லை. மருந்துண்டவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தனர்; புழு மீண்டும் புகுந்தது.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1992இல் தோட்டச் சிறுவரிடமும் பெண்களிடமும் நடத்திய ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடற்புழு இருந்தது. 1994 முதல் 2005 வரை சிறுவருக்கு ஆண்டுக்கு இருமுறை மருந்து கொடுக்கப்பட்டது. அது நின்று நான்கு ஆண்டுகளின் பின் தோட்டப் பாடசாலைகளில் மாதிரி எடுத்தபோது ஏறத்தாழ 29 வீதமானோரிடம் புழு காணப்பட்டது. மருந்தின் பயன் பெரிது என்பதை இது காட்டுகிறது. குடிநீரும் மலசலகூடமும் செருப்பும் செய்யவேண்டிய வேலையை மருந்து மட்டும் செய்து முடிக்காது என்பதையும் இதுவே காட்டுகிறது.

அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாமா? அல்ல. உலகின் மூன்று பெரிய தரவுக் களஞ்சியங்களிலுள்ள மனித நுண்ணங்கி மாதிரிகளை 2022இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிறப்பிடம் தெரிந்தவற்றுள் 71 வீதத்துக்கு மேற்பட்டவை ஐரோப்பா, அமெரிக்கா, கனடா ஆகியவற்றைச் சேர்ந்தவை. உலக மக்களில் கால்வாசிக்கு மேற்பட்டோர் வாழும் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவை 1.8 வீதமே. எங்கள் குடலைக் காணாத விஞ்ஞானம் எங்களுக்கு மருந்து காண்பது எங்ஙனம்? கோதுமை ரொட்டியும் வெறுந் தேநீரும் உண்டு வளரும் பிள்ளையின் உடலையும் அது அறிந்தாக வேண்டும். எனினும் அப்பிள்ளையின் உணவுக் குறிப்பை எழுதுவோர், அது ருசியின் விளைவன்று, கூலியின் விளைவு என்பதையும் எழுத வேண்டும்.

மாதிரி கொடுத்தவர்கள் எழுவாயாகவும் எழ முடியும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஹவசுபாய்ப் பழங்குடியினரிடம் 1990இலிருந்து நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று இரத்தம் எடுத்தனர். பின்னர் அவர்கள் அறியாமலே வேறு ஆராய்ச்சிகளுக்கும் அதனைப் பயன்படுத்தினர். அம்மக்கள் வழக்காடினர். 2010இல் இழப்பீடு பெற்றதோடு தங்கள் இரத்தத்தையும் மீட்டுச் சென்றனர்.

நம் இலக்கியத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல், தாம் அறிந்த வாழ்வை 1969இல் ஆங்கில நாவலாக வெளியிட்டார். 2007இல் அது "எரியும் பனிக்காடு" என்று தமிழில் வந்தது. நோயைக் கண்ட மருத்துவர் நோய்க்குக் காரணமானவரையும் கண்டார்; பெயரிட்டும் சொன்னார்.

குப்பியோடு மலையேறும் ஆராய்ச்சியாளரிடம் நாம் கேட்பது மிகையானதன்று. தமிழில், லயத்து வாசலில், நிர்வாகத்தின் நிழல் படாமல் பேசுங்கள். எடுத்துச் செல்வது எங்கே இருக்கும், எதற்குப் பயன்படும் என்று கூறுங்கள். கண்ட முடிவோடு மீண்டும் இதே மலைக்கு ஏறி வாருங்கள். அம்முடிவு தண்ணீர்க் குழாயைக் கேட்குமாயின், தொழிலாளரோடு சேர்ந்து நீங்களும் அதனைக் கேளுங்கள்.