பிரிண்டருக்கு எதற்குக் கருவறைச் சாவி?

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் போக பாஸ் வேண்டும். கேட்டில் சி.ஐ.எஸ்.எஃப். ஜவான் முகத்தையும் பாஸையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். அதே துறைமுகத்துக்குப் பேப்பர் தயார் செய்கிற ஏஜென்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இந்தக் கெடுபிடி உண்டா? பிரிண்டர் வாங்கினோம், சி.டி.யைப் போட்டு ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டினோம், முடிந்தது கதை.

அப்படி நுழைந்ததுதான் எஸ்.எஸ்.போர்ட் என்கிற டிரைவர். ஹெச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் பிரிண்டர்கள் பலவற்றோடு 2005-லிருந்து வந்தது. ஓட்டை வெளியே தெரிந்தது 2021-ல். பதினாறு வருஷம் சார்! பிரிண்டரையே கழற்றிவிட்டாலும் விண்டோஸ் எழும்போது இதுவும் எழுந்துகொள்ளும். கெர்னல் என்கிற கருவறை வரை போக அதற்கு அனுமதி. ஆனால் வருகிற தகவல் எவ்வளவு நீளம் என்று அளந்து பார்க்காது. சாதா லாகின்காரர் அளவுக்கு மீறித் திணித்தால் மெஷினுக்கே முதலாளி ஆகிவிடலாம். பி.காம். படித்த எனக்கு, தொகையைப் பார்க்காமல் வவுச்சரில் கையெழுத்துப் போடும் மேனேஜர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

‘அதான் பேட்ச் வந்துடுச்சே’ என்பார்கள். டெல் டிரைவர் ஒன்றுக்கும் 2021 மே மாதம் பேட்ச் வந்தது. சில மாதத்தில் லாசரஸ் கும்பல் அந்தப் பழைய டிரைவரைத் தானே சுமந்துபோய், நெதர்லாந்து விமானத்துறை நிறுவனம் ஒன்றின் கம்ப்யூட்டரில் ஏற்றி, காவலை அணைத்தது. கையெழுத்து டெல்லுடையதாச்சே, விண்டோஸ் சல்யூட் அடித்து உள்ளே விட்டது. 2019-ல் நம் பக்கத்துக் கூடங்குளத்தின் அலுவலகக் கம்ப்யூட்டரில் சிக்கிய டிட்ராக்கையும் இந்தக் கும்பலோடுதான் ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட டிரைவர்களின் தடைப் பட்டியலை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் தானாக இயங்கவைத்தது விண்டோஸ் 11-ன் 2022 பதிப்பில்தான். ஆபீஸ் மூலையில் தூசி படிந்து ஓடுகிற விண்டோஸ் 7-க்கு அது வரவே வராது.