கோப்பையும் முகத்துவாரமும்

ஆசிரியர் பயிற்சி வகுப்பில் புலன்காட்சிப் பாடம் தொடங்கினால் கரும்பலகைக்கு ஒரு கோப்பை வந்துவிடும். நடுவே பார்த்தால் கோப்பை. இருபுறமும் பார்த்தால் எதிரெதிரே இரண்டு முகங்கள். டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட ஆய்வால் புகழ்பெற்ற படம் இது. உருவும் பின்னணியும் என்றாலே இன்றும் இதுதான்.

படம் சாதித்தது சிறிதல்ல. கண்ணில் விழும் ஒளி மாறவேயில்லை, காட்சி மாறுகிறது. புலன் உணர்வு வேறு, புலன்காட்சி வேறு என்பதை இத்தனை சுருக்கமாக வேறெதுவும் காட்டியதில்லை. எல்லைக்கோடு ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்கே சொந்தம் என்பதும் விளங்கிவிடுகிறது. கோடு சேர்ந்த பக்கம் உருவாகி முன்னால் நிற்கும். மற்றது வடிவமிழந்து பின்னால் விரியும்.

குறையும் அங்கேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் சமபலம், படம் அசைவதில்லை, தவறாகப் பார்த்தாலும் நட்டமில்லை. உருவையும் பின்னணியையும் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு மாணவர் எழுந்துபோகிறார்.

பழவேற்காட்டின் லைட்ஹவுஸ் குப்பத்தில் அந்த நினைப்பு செல்லாது. ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல். ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் படகு முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அங்கே மணல் சேர்ந்து திட்டாகிறது, இடமும் மாறுகிறது. நீருக்கடியில் கிடக்கும் திட்டுக்கு எல்லைக்கோடு ஏது? அலை எங்கே முன்கூட்டியே உடைகிறது, தண்ணீர் எங்கே வெளிறுகிறது என்பவைதான் தடயம். புதிதாக வந்தவருக்கு எல்லாமே அலை. படகோட்டிக்கோ அந்த வெளிறல்தான் உரு, மிச்சக் கடல் பின்னணி. மாற்றிப் பார்த்தால் படகு கவிழும்.

கலங்கரை விளக்கங்களுக்குப் பட்டை பட்டையாக வர்ணம் பூசுவதும் இதே பாடம்தான்: பகலில் பின்னணி அவற்றை விழுங்கிவிடக் கூடாது. கானாங்கெளுத்தி மீன் நேரெதிர். கருநீல முதுகு மேலிருந்து பார்க்கும் பறவைக்கு ஆழ்நீரோடும், வெள்ளி வயிறு கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளிச்சத்தோடும் கலந்துவிடும். பழவேற்காட்டை அடுத்த பொன்னேரிப் பக்கத்து மாணவருக்கு இவற்றைச் சொல்லாமல் கோப்பையை மட்டும் வரையச் சொல்வது சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சூழப்பட்டது, சிறியது, சமச்சீரானது உருவாகத் தெரியும் என்று கெஸ்டால்ட் உளவியல் மரபினர் வடிவத்தின் இயல்புகளுக்கே முதலிடம் தந்தார்கள். முன்னனுபவத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆனால் பழகிய வடிவம் உருவாகத் தெரிய வாய்ப்பு அதிகம் என்பதை அமெரிக்க உளவியலாளர் மேரி பீட்டர்சனின் ஆய்வுகள் 1990களில் காட்டின. படகோட்டி இதைக் கேட்டால் வியக்கமாட்டார்.

அதற்காக அனுபவத்தைக் கொண்டாடிவிடவும் முடியாது. மழைக்காலம் முடிந்து திட்டு இடம் மாறியிருக்கும்போது, பழகிய கண் பழைய வழியையே தேடும். அங்கே தன் பார்வையைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்தான் நல்ல படகோட்டி. கோப்பைப் படம் அந்தச் சந்தேகத்தையாவது பழக்குகிறது என்பதால் அதைக் கரும்பலகையிலிருந்து அழிக்கச் சொல்லமாட்டேன்.