பெயர் சொல்லி அழைத்த குரல்

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஹாஜிகள் ஏழு முறை நடக்கும் ஸஃயு, தண்ணீர் தேடி ஓடிய ஒரு தாயின் அடிச்சுவட்டைத் தொடர்வதாகும் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். அத்தாயாகிய அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் கதை, யூதரும் கிறித்தவரும் ஓதும் பைபிளிலும் உண்டு. ஆதியாகமம் 16, 21 ஆகிய அதிகாரங்களில் அது வருகின்றது. தமிழ் பைபிள் அவர்களை 'ஆகார்' என வழங்கும்.

இவ்வதிகாரங்களை நம்மவர் பெரும்பாலும் வாதத்திற்காகவே புரட்டுவர். ஆபிரகாமின் 86ஆம் வயதில் இஸ்மவேலும், 100ஆம் வயதில் ஈசாக்கும் பிறந்தனர் எனக் கூறும் நூல், ஈசாக்கு பால் மறந்த பின்னர் வெளியேற்றப்பட்ட இஸ்மவேலைக் கைக்குழந்தை போலச் செடியின் கீழ் கிடத்துவது எங்ஙனம் என வினவுவர். வினா நியாயமானதே. அந்நூலில் மனிதர் கை புகுந்துள்ளது என்ற நம் கொள்கையிலும் மாற்றமில்லை. ஆயினும், ஒரு கதையில் முரண் தேடுவது வேறு. அது சொல்லப்பட்டுள்ள முறையைக் காண்பது வேறு. பைபிளை இலக்கியமாக நோக்கும் இரண்டாம் முறையை 1946இல் வெளிவந்த 'மிமேஸிஸ்' என்னும் நூலில் அவர்பாக்கும், 1981இல் ராபர்ட் ஆல்டரும் வளர்த்தனர். 1984இல் பில்லிஸ் டிரிபிள் என்ற அம்மையார், பைபிளில் துயருற்ற பெண்களைப் பற்றி எழுதிய நூலை ஆகாரைக் கொண்டே தொடங்கினார். அவ்வழி நின்று நோக்குவார்க்குப் புலப்படுவன சில.

முதலாவது, பெயர். கதை சொல்பவர் 'ஆகார்' என்கிறார். கதைமாந்தரோ அவ்வாறு சொல்வதில்லை. சாராய் தம் அடிமைப்பெண் என்கிறார். ஆபிராமும் சாராயிடம் அவருடைய அடிமைப்பெண் என்றே பேசுகின்றார். கொடுமை தாளாது சூர் செல்லும் வழியில் ஓடிய அப்பெண்ணை, ஒரு நீரூற்றின் அருகே வானவர் காண்கின்றார். பெயர் சொல்லி அழைக்கும் முதற்குரல் அவருடையதே. அப்போதும் 'சாராயின் அடிமைப்பெண்' என்ற அடைமொழி ஒட்டியிருக்கின்றது. 21ஆம் அதிகாரத்தில், துருத்தியின் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைக் காணப் பொறாது அம்பு பாயும் தொலைவில் அமர்ந்து அழுபவரை வானவர் மீண்டும் அழைக்கின்றார். இம்முறை வெறும் பெயர் மட்டுமே, அடைமொழி உதிர்ந்துவிட்டது. விடுதலை பெற்றுவிட்டார் என்பதைக் கதை விளக்கிக் கூறவில்லை. விளித்த முறையால் உணர்த்திவிடுகின்றது.

இரண்டாவது, பேச்சு. ஆபிராமின் இல்லத்தினுள் ஆகார் பேசியதாக ஒரு சொல்லேனும் இல்லை. அவர் வாய் திறப்பதெல்லாம் பாலைவெளியில்தான். வீட்டில் ஊமையாயிருந்தவர், வெளியே இறைவனுக்கே ஒரு பெயர் கூறுகின்றார். அது 'ஏல் ரோயீ'. தம்மைக் காணும் இறைவன் என்பது பொருள். பிள்ளைக்கு வானவர் அறிவித்த 'இஸ்மவேல்' என்னும் பெயருக்கோ, இறைவன் கேட்கிறான் என்பது பொருள்.

அரபு கற்றார்க்கு இவ்விடம் தேனாகும். ஹீப்ருவின் 'ஷமா' நம் 'ஸமிஅ'வுக்கும், அதன் 'ரஆ' நம் 'ரஆ'வுக்கும் உடன்பிறந்த சொற்கள். கேட்பவன், காண்பவன் என்னும் இரண்டும் ஓர் அடிமைத் தாயின் கதையில் இணைந்து நிற்கின்றன. 'அஸ்ஸமீஉ, அல்பஸீர்' எனத் திருக்குர்ஆன் பல இடங்களில் இணைத்துக் கூறும் திருநாமங்கள் இப்பொருளன அல்லவா? தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்ட பெண்ணின் சொல்லை அல்லாஹ் செவியுற்றதாக அறிவிக்கும் 58ஆம் அத்தியாயத்தின் முதல் ஆயத்தும் இவ்விரு நாமங்களைக் கொண்டே முடிகின்றது.

இனி, குறையும் கூறல் வேண்டும். ஆதியாகமம் தீட்டும் ஆபிராம், கருவுற்ற பெண்ணை ஒரே வாக்கியத்தில் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகின்றார். நாம் அறிந்த இப்ராஹீம் (அலை) அவர்களின் சாயல் அதில் இல்லை. ஓடி வந்தவரை வானவர் மீண்டும் அதே எசமானியிடம் அடங்கியிருக்க அனுப்புவதும் நெஞ்சை உறுத்துவதே. ஸஹீஹுல் புகாரீயில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிவரும் அறிவிப்பில், அன்னையார் கணவரைப் பின்தொடர்ந்து சென்று, இது அல்லாஹ்வின் கட்டளையா என நேரில் கேட்கின்றார். ஆம் எனக் கேட்டதும், அவன் தம்மைக் கைவிடான் எனத் திரும்புகின்றார். ஆதியாகமத்தின் ஆகார் அமர்ந்து அழுகின்றார். நம் அன்னை இரு குன்றுகளிடையே ஓடுகின்றார். தோல் துருத்தி இரண்டிலும் ஒன்றே. அது வற்றிய பின் நிகழ்வதே வேறு. ஆகாரின் அழுகையைப் படித்த பின்னர் அன்னையாரின் அந்த ஓட்டத்தின் அருமை நமக்கு இன்னும் நன்கு விளங்குகின்றது. பிறர் நூலை நிதானமாகப் படிப்பதால் வரும் ஊதியம் இது.

இறுதியாக ஒன்று. 21ஆம் அதிகாரத்தில் சாராள் ஆகாரைச் சுட்டும் ஹீப்ருச் சொல் 'ஆமா'. அடிமைப்பெண் எனப் பொருள்படும் அரபுச் சொல்லாகிய 'அமத்' அதுவேயாம். அச்சொல்லால் 'அமதீ' என எவரும் தம் பணிப்பெண்ணைக் கூறலாகாது, 'ஃபதாத்தீ' (என் இளநங்கை) எனக் கூறுக என நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். நம் பெண்மக்களுக்கு 'ஹாஜரா' எனப் பெயர் சூட்டி மகிழ்கின்றோம். அதே வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணை 'வேலைக்காரி' என்று மட்டும் அழைப்போமாயின், அன்னையாரின் வரலாற்றில் நாம் எவர் பக்கம் நிற்கின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

வல்லாஹு அஃலம்.