அவள் பெயர் என்ன?

2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் தர்மபுரியில் ஓர் உறவினர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். நகராட்சித் தேர்தல் சமயம். ஊரில் மொத்தம் 33 வார்டுகள். நான்கு ரோடிலிருந்து குமாரசாமிப்பேட்டை வரையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கை கூப்பிய முகங்கள். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஊர் திரும்பியதும் ஒரு சிறுகதை எழுதினேன். பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு வார்டு. பழைய கௌன்சிலர் தம் மனைவியை நிறுத்துகிறார். அவள் ஜெயிக்கிறாள். வெற்றி மாலை அவர் கழுத்தில் விழுகிறது. கதை பத்திரிகையில் வந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள், பாராட்டியும் எழுதினார்கள். எனக்கும் திருப்திதான்.

பத்து நாள் கழித்துத் தர்மபுரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. "ஐயா, கதை நன்றாயிருந்தது. அந்த அம்மாளின் பெயர் என்ன? ஓட்டு இயந்திரத்தில் அவர் பெயர்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

கதையை எடுத்துப் பார்த்தேன். கௌன்சிலருக்குப் பெயர் இருக்கிறது. கார் டிரைவருக்குப் பெயர் இருக்கிறது. வாசலில் கட்டியிருந்த நாய்க்குக்கூட நான் பெயர் வைத்திருக்கிறேன். அவள் மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரையில் 'கௌன்சிலர் மனைவி'. நான் யாரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்திருந்தேனோ, அந்த மனிதர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். அவரிடமாவது அரசியல் லாபம் என்ற காரணம் இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை.

இது என் ஒருவனுடைய குறை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பெண்கள் ஓட்டுரிமை பெற்ற சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால், இந்தப் பெயர் விவகாரம் வழி நெடுகக் குறுக்கே நிற்பது தெரியும்.

இங்கிலாந்திலிருந்தே ஆரம்பிப்போம். அங்கே 1869-இல் வரி கட்டும் பெண்களுக்கு நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை கிடைத்தது. மூன்றே வருஷத்தில், 1872-இல், கல்யாணமான பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கன்னிக்கு ஓட்டு உண்டு, விதவைக்கு ஓட்டு உண்டு. தாலி ஏறினால் ஓட்டு இறங்கிவிடும் என்று நம் ஊர்ப் பாஷையில் சொல்லலாம்.

நம் பக்கத்துக் கதை வேறு. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அந்த வருஷம் டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து, பெண்களையும் மக்களாகக் கருதி ஓட்டுரிமை கொடுங்கள் என்று கேட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் தானே முடிவு செய்யாமல், மாகாண சட்டசபைகளின் தலையில் அதைக் கட்டியது. 1921-இல் சென்னைச் சட்டசபை, பெண் என்பதற்காக ஓட்டை மறுக்கக்கூடாது என்று தீர்மானம் செய்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் நாம்தான் முதல். பெண்கள் சட்டம் செய்வார்கள் என்று கும்மி பாடி வைத்த பாரதியார் அந்த வருஷம் செப்டம்பரில்தான் கண்ணை மூடினார் என்று நினைக்கும்போது மனத்துக்குச் சற்று ஆறுதலாக இருக்கிறது.

ஆனால் ஓட்டுக்குச் சொத்து வேண்டும். சொத்து எந்தப் பெண் பெயரில் இருந்தது? 1935-ஆம் வருஷத்துச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. சொத்துள்ளவனின் மனைவி, அல்லது அவனுடைய விதவை என்ற தகுதியில் பெண்ணுக்கு ஓட்டுக் கொடுத்தது. இங்கிலாந்தில் புருஷனால் போன ஓட்டு, இங்கே புருஷனால் வந்தது. இரண்டு இடத்திலும் கணக்கில் நின்றவன் புருஷன்தான்.

பிறகு அரசியல் சட்டம் வந்தது. வயது வந்த அத்தனை பேருக்கும் ஓட்டு. 1951-52 பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனார்கள். வட பிரதேசங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்றே பதிவாயிற்று. தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள்; ஆறு விரலைக் காட்டி, முகத்தைத் தொட்டு, 'ஆறுமுகம்' என்று நம்மைச் சொல்ல வைப்பார்கள். அங்கே தம் பெயரையே சொல்லவில்லை. பெயரை ஒளித்தவள் ஓட்டை இழந்தாள்.

நம் கதை இலக்கியம் இந்த விஷயத்தில் என்ன செய்தது? தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஒரு ராஜ்யத்தையே ஆளுகிறாள். 1879-இல் அச்சான புத்தகத்துக்கு இது சாமானியத் துணிச்சல் அல்ல. ஆனால் அவள் ஆண் வேஷத்தில்தான் சிம்மாசனம் ஏறுகிறாள். வேதநாயகம் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அந்தக் காலத்தில் வேறு வேஷம் செல்லுபடியாகியிராது. அவருக்குப் பின் வந்த நாங்கள்தான் குற்றவாளிகள். விதவையின் துயரத்தை எழுதினோம், மாமியார் கொடுமையை எழுதினோம். பெண் ஒருத்தி யாருடைய துணையும் இல்லாமல் ஒரு மறைப்புக்குள் தனியாகப் போய், தன் இஷ்டப்படி ஒரு காரியம் செய்துவிட்டு வெளியே வருகிறாளே, அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் மனத்துக்குள் புகுந்து பார்த்த கதைகளை எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும்.

இதற்குள் காலம் வேஷத்தைத் திருப்பிப் போட்டுவிட்டது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 1996 தேர்தலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. 2016-இல் செய்த சட்டத் திருத்தத்தால் அது பாதியாயிற்று. அந்தப் பாதிப் பங்குடன் நகரங்களில் நடந்த முதல் தேர்தல்தான் நான் தர்மபுரியில் பார்த்தது. அன்று ஆண் வேஷத்தில் பெண் ஆண்டாள். இன்று பல இடங்களில் பெண் பெயரில் ஆண் ஆளுகிறான். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். கூட்டத்தில் எழுந்து, தெருக் குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று தாமே கேட்கிற அம்மாள்களும் இருக்கிறார்கள். என் கதையில் அவர்களும் இல்லை என்பதுதான் என் வெட்கம்.

தர்மபுரி என்பது பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள் ஒரு பெண். வேந்தன் சபையில் வேஷம் போடாமல், தன் வாயாலேயே அரசியல் பேசியவள். அவளை ஔவை என்கிறோம். அதுவும் மூத்தவளை மரியாதையாக அழைக்கும் சொல்தானே தவிர, பெற்றவர்கள் தொட்டிலில் இட்ட பெயர் அல்ல. அந்தப் பெயர் நமக்குக் கிடைக்கப் போவதில்லை.

இப்போது அந்தச் சிறுகதையைத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருக்கிறது. 'கௌன்சிலர் மனைவி' என்ற இடங்களில் எல்லாம் 'மாதம்மாள்' என்று எழுதிவிட்டால் ஐந்து நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன். நடக்கவில்லை. மாலை அவர் கழுத்தில் விழும் இடத்துக்கு வந்ததும், மாதம்மாள் சும்மா நிற்பதாக எழுத முடியவில்லை. பெயரில்லாதவளை நிறுத்தி வைத்த மாதிரி, பெயருள்ளவளை ஓரமாக நிறுத்த முடியவில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். என்ன சொல்லுவாள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கதை என் மேஜைமேல் அப்படியே கிடக்கிறது. ஆசிரியை அம்மாளுக்கு நான் எழுத வேண்டிய பதிலும் அதனுடன்தான் காத்திருக்கிறது.