தென்னைக்கு நடுவே இத்தனை இடமா!

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "பயிற்சிக்குப் போனீங்களா?" என்பதுதான். காய் விலை, மழை, மரம் ஏற ஆள் கிடைத்தாரா என்கிற பேச்செல்லாம் அப்புறம். விவசாயிக்கு அரசாங்கம் தருகிற எந்த மானியத்தைக் காட்டிலும் அது நடத்துகிற பயிற்சி வகுப்பு பெரிது. இதை எந்தக் கூட்டத்தில் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்வேன்.

பயிற்சி என்றால் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, திரையில் படம் ஓட்டி, சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து ஆழியாறுக்கு அழைத்துப் போக வேண்டும் போலிருக்கிறது. அங்குள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்துத் தோப்பில், மரத்தடியில் ஆறடிக் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்புத் தூளால் சுற்றிலும் வட்டம் போட்டுக் காட்டினார் ஒரு விஞ்ஞானி. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறதாம். நாம் நடுவது 25 அடிக்கு 25 அடி. ஒரு மரத்துக்கு 625 சதுர அடி, ஏக்கருக்கு 70 மரம். வட்டத்தின் பரப்பு 113 சதுர அடிதான். அப்படியானால் மரத்துக்கு 500 சதுர அடிக்கு மேல் சும்மா கிடக்கிறது!

"அந்த இடத்துக்கும் சேர்த்துத்தானுங்களே வரி கட்டறீங்க, வேலி போடறீங்க?" என்று அவர் கேட்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாப்பது வருசமா இந்த மரத்துக்குக் கீழதானுங்க நான் படுத்துத் தூங்கறேன்" என்றார். அந்த ஒரு வட்டத்துக்காகவே ஆழியாறுக்கு இன்னொரு முறை போகலாம்.

ஆனால் எல்லாத் தோப்பிலும் எல்லாம் வராது. கன்று நட்டு ஏழு வருடம் வரை வெயில் தாராளம். நிலக்கடலை, மஞ்சள், காய்கறி எதுவும் போடலாம். ஏழிலிருந்து இருபது வரை மட்டைகள் தாழ்ந்து நிழல் கட்டிவிடும். அப்போது கம்பு நேப்பியர் மாதிரித் தீவனப்புல்லும் பசுந்தாள் உரப்பயிரும்தான் தாங்கும். இருபதைத் தாண்டினால் மரம் உயர்ந்து வெயில் மறுபடி இறங்க ஆரம்பிக்கும். வாழை, கொக்கோ, ஜாதிக்காய், மரத்திலேயே ஏற்றிவிட்ட மிளகு என்று அடுக்கடுக்காய்ப் போகலாம். மூத்த தோப்பு வைத்திருக்கிறவர் கொடுத்துவைத்தவர்!

ஜாதிக்காய் வகுப்பைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக்கன்று நட்டால் அது ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும். அதற்கே ஐந்தாறு வருடம் ஓடிவிடும். அதனால்தான் காய்க்கிற பெண் மரத்துக் குருத்தை எடுத்து ஒட்டுக்கட்டுகிறார்கள். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். எங்கள் கையில் கத்தியையும் பாலித்தீன் நாடாவையும் கொடுத்து, "நீங்களே கட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்கள். நான் கட்டிய ஒட்டில் துளிர் வந்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, கன்றைச் சுற்றி நிற்கவைத்துக் காட்டினேன். அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை போடுவது?

அப்புறம் தேனீ. கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையில் மாதந்தோறும் 6ஆம் தேதி ஒருநாள் பயிற்சி நடக்கிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலைநாள். தென்னையில் மாதத்துக்கு ஒரு பாளை வெடித்துக்கொண்டே இருப்பதால் வருடம் முழுக்க மகரந்தம் உண்டு. தேனீக்கு இதைவிட நல்ல வீடு எங்கே? பாதிரியார் நியூட்டன் பெயரில் வழங்கும் சின்ன மரப்பெட்டியைத் திறந்து, புகை காட்டி, தேனீ மொய்க்கிற சட்டத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். அத்தனை உயிர் ஒன்றாய் அசைகிற அதிர்வு விரல் வழியே ஏறுகிறது! வாசல் கிழக்குப் பார்க்கட்டும், பெட்டி நிழலில் இருக்கட்டும், எறும்பு ஏறாமல் தாங்கியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள் என்று சொல்லித் தந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். கூட்டம் பறந்துபோகாமல் தங்குவது அவற்றால்தான்.

முந்தின நாள், அதாவது 5ஆம் தேதி, அதே வளாகத்தில் காளான் பயிற்சி. கோவையில் ஓர் இரவு தங்க முடிந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

இத்தனையிலும் என் மனதுக்கு மிக நெருக்கமானது எது தெரியுமா? பண்ணைக் கணக்கு வகுப்பு! கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கிற செலவுக் கணக்கைப் பிட்டுப் பிட்டு வைத்தார் ஒரு பேராசிரியை. கையிலிருந்து பணமாகவும் பொருளாகவும் போனது ஒரு அடுக்கு, அதற்கு ஏ2 என்று பெயர். அதோடு நம் குடும்பத்தார் உழைப்புக்கும் கூலி போட்டுச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்தால் சி2. செலவைப்போல ஒன்றரை மடங்கு விலை என்று 2018-19 பட்ஜெட்டில் சொன்னது நடு அடுக்கின் மேல். விவசாயச் சங்கங்கள் கேட்பது கடைசி அடுக்கின் மேல். செய்தித்தாளில் வருகிற அந்தச் சண்டை முழுக்க எங்கள் நோட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிக்கச் சொன்னார்: தென்னைக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று. ஆட்டுப்புழுக்கை தென்னைக்குப் போனால் ஆட்டுப் பக்கத்தில் வரவு, தென்னைப் பக்கத்தில் செலவு. புல் ஆட்டுக்குப் போனால் புல் பக்கத்தில் வரவு. மோட்டாருக்குத் தேய்மானம் உண்டு. "வீட்டுல அம்மா காலையில ஆட்டுக்குத் தண்ணி காட்டறாங்களே, அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி எங்க?" என்று அவர் கேட்டபோது, வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் பார்த்த வகுப்புகளிலேயே அழகான நிமிடம் அது. புழுக்கைக்கு விலை போட்டுப் பார்த்ததும்தான் எங்கள் ஆடுகள் எவ்வளவு சம்பாதிக்கின்றன என்பதே தெரிந்தது. வரவு ஒரே வழியில் வந்து ஒரே நாளில் தீருகிற பயமும் அந்த நோட்டோடு போயிற்று.

2016இல் நம் பகுதியில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இறங்கியதே, நினைவிருக்கும். ஓலை அடியில் வட்டம் வட்டமாக வெள்ளை மெழுகு, மேலே கரும்பூசணம். மருந்தடிக்கத் துடித்த கைகளில் பயிற்சியில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்கள். வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்களில் ஊசி முனையளவு ஓட்டைகள்! என்கார்சியா என்கிற பொடிக்குளவி உள்ளேயிருந்து வளர்ந்து வெளியேறிய தடம் அது. மருந்தடித்தால் இந்தக் குளவியும் சாகும். ஏக்கருக்கு எட்டு மஞ்சள் அட்டை, அதில் விளக்கெண்ணெய், குளவி இருக்கிற ஓலைத்துண்டை மற்ற மரங்களுக்கு மாற்றிக் கட்டுவது, இவ்வளவுதான் பாடம். கண்ணால் பார்த்தபின் யாருக்கும் வாதம் பண்ணத் தோன்றவில்லை.

செய்து கற்பதுதான் வேளாண் அறிவியல் நிலையங்களின் அடிப்படையே. இந்தியாவின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், நம் கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. இன்று நாடு முழுக்க எழுநூறுக்கு மேல். காரமடை, கோபி, காந்திகிராமம், நீடாமங்கலம், சிக்கல், காட்டுப்பாக்கம் என்று உங்கள் ஊருக்குக் கிட்ட ஒன்று கட்டாயம் இருக்கும். கொஞ்சம் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் தமிழிலேயே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. என் மனைவி சேரப்போகிறாள், நோட்டுக்கு அட்டை போட்டு வைத்தாயிற்று. அதற்கடுத்து தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். தேங்காயைத் தேங்காயாகவே விற்கும் பழக்கத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அண்ணா, அக்கா, தம்பி, வருகிற 6ஆம் தேதி விடிந்ததும் பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் இருப்போம். உக்கடத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் வகுப்பு ஆரம்பிப்பதற்குள் போய்விடலாம். ஆதார் நகலும் ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களை விட்டுவிட்டு வராதீர்கள்.