குளிர் வெறும் காவல்தானா? – பாஸ்டரின் பீர் நூல் பற்றி

லூயி பாஸ்டர் 1876-இல் பாரிசில் வெளியிட்ட ‘பீர் பற்றிய ஆய்வுகள்’ நுண்ணுயிரியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அதைப் போற்றுவோர் பலர்; முழுதும் படித்தோர் சிலரே. 1870-71 போரில் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றது. பீர்த் தொழிலிலாவது ஜெர்மனியை முந்தவேண்டும் என்ற வேகத்தில் பிறந்த நூல் இது. வேடிக்கை என்னவெனில், ஆசிரியருக்குப் பீரில் நாட்டமே கிடையாது. அக்குறை நூலிலும் தெரிகிறது.

அக்காலத்தில் ‘லாகர்’ வகைப் பீர் ஐரோப்பாவில் வேகமாகப் பரவி வந்தது. வியன்னாவை அடுத்த ஷ்வெகாட்டில் ஆன்டன் டிரெகர் 1841-இல் உருவாக்கிய தேன்நிற லாகர் அதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. இவ்வகையில் ஈஸ்ட் தொட்டியின் அடியில் படியும். மால்ட் சாறு ஏறத்தாழ 10° செ. வெப்பநிலையில் நொதிக்கும், பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே பல வாரங்கள் கிடந்து தெளியும். குளிரூட்டும் எந்திரம் வருமுன் இதற்குப் பனிக்கட்டி ஏராளமாகத் தேவைப்பட்டது.

இவ்வளவு குளிர் எதற்கு? பீரைக் கெடுக்கும் கிருமிகள் குளிரில் எளிதில் பெருகா என்பதே பாஸ்டர் தரும் முக்கிய விடை. அப்படியானால், காற்றிலுள்ள கிருமி புகாதபடி சாற்றை ஆறவைத்து, தூய ஈஸ்ட்டை இட்டு, மூடிய கலத்தில் நொதிக்கவிட்டால் பனிக்கட்டிச் செலவு மிச்சம் அல்லவா? வாதம் அழகானது. கெட்ட பீரின் கிருமிகளைக் காட்டும் நுண்ணோக்கிப் படங்கள் நூலின் மிகச் சிறந்த பகுதி. மாணவர்கள் முதலில் அவற்றையே பார்க்கலாம்.

ஆனால் வாதத்தில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. ஈஸ்ட்டிலேயே வேண்டாத இனங்கள் உண்டு. அவையும் பீரைக் கெடுக்கும். இதைக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் காட்டி, 1883-இல் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தார்.

மற்றொன்று பெரிது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வீட்டில் பீர் வடிப்போர் பெருகினர். அவர்களில் ஒருவர் வியன்னா மால்ட் சாற்றை இரு தூய கலங்களில் பிரித்து, ஒரே லாகர் ஈஸ்ட்டை இட்டு, ஒன்றை 10° செ., மற்றதை 20° செ. அளவில் வைப்பதாகக் கொள்வோம். இரண்டும் புளிக்கவில்லை, கிருமியும் இல்லை. எனினும் சூட்டில் நொதித்ததில் பழவாசனை தூக்கலாக இருக்கும். பெரும்பாலான லாகர் ஈஸ்ட்டுகள் சூட்டில் எஸ்டர்களை மிகுதியாக உண்டாக்குவதே காரணம். வியன்னா மால்ட்டின் சிறப்போ, சூளையில் சுமார் 100° செ. வெப்பத்தில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து தரும் மெல்லிய ரொட்டி மணம். பழவாசனை அதை மூடிவிடும். ஆகவே குளிர் கிருமியை மட்டும் தடுக்கவில்லை. ஈஸ்ட்டையும் அடக்கி வைக்கிறது. (வெண்ணெய் மணம் தரும் டைஅசெட்டைலை ஈஸ்ட் மீண்டும் உட்கொள்வதற்காக, நொதித்தல் முடியும் தறுவாயில் இரண்டு நாள் 16° செ. வரை ஏற்றுவதும் உண்டு.)

நுட்பமான வேதிப் பகுப்பாய்வு 1876-இல் இல்லை என்று பாஸ்டர் சார்பில் சொல்லலாம். சுவைத்துப் பார்க்கப் பகுப்பாய்வு எதற்கு? பீரை விரும்பிக் குடிப்பவர் ஒருவர் உடனிருந்து அந்த அத்தியாயங்களைப் படித்திருந்தால் போதும்.

லாகர் ஈஸ்ட்டுக்கு இன்று வழங்கும் பெயர் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். பாஸ்டரின் பெயரைத் தாங்கும் இது ஒரு கலப்பினம். அதன் பெற்றோருள் ஒன்றான காட்டு ஈஸ்ட் 2011-இல் தென் அமெரிக்காவின் பட்டகோனியக் காடுகளில் கண்டறியப்பட்டது. குளிரைத் தாங்கும் இயல்பு அதன் வழி வந்ததே.